வலையின் நடுவே முக்கால் விநாடி

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. எட்டு நாள் கழித்து ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. அங்கே இந்திய ஆண்கள் வாலிபால் அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அர்ஜுனா விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. வாலிபாலுக்கான முதல் விருது ஏ. பழனிசாமிக்குப் போனது. ஜகார்த்தா வெள்ளிதான் ஆசியப் போட்டிகளில் நம் ஆண்கள் அணி தொட்ட உச்சம். அதன்பின் 1986இல் சியோலில் வெண்கலம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஜகார்த்தாவில் தங்கம் வென்ற ஜப்பான் அதோடு நிற்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 1968 மெக்சிகோவில் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம் என்று படிப்படியாக ஏறியது. ஐரோப்பியர்களைவிடக் குள்ளமானவர்கள் அந்த ஏணியில் ஏறியது எப்படி? பயிற்சியாளர் யசுடாகா மட்சுதைராவின் விடை எளிமையானது. எதிரணியின் உயரத்தைக் குறைக்க முடியாது, அவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தைக் குறைக்கலாம். இந்த யோசனை களத்தின் ஒரே ஒரு இடத்தைக் குறிவைத்தது: வலைக்கு முன்னால், சரியாக நடுவில் நிற்கும் ஆள். சென்டர் பிளாக்கர்.

வாலிபால் பார்க்கிறவர்களின் கண் பந்தோடும் ஸ்மாஷ் அடிக்கிறவரோடும் போகும். நடுவில் நிற்பவர் பல நேரம் பந்தைத் தொடக்கூட மாட்டார். வலையோரம் இடமும் வலமுமாக ஓடுவார், குதிப்பார், இறங்குவார், மறுபடி நடுவுக்கு வருவார். இது வீண் ஓட்டம் போலத் தெரியும். ஆனால் இந்த விளையாட்டில் மனித உடலும் மூளையும் தங்கள் எல்லைக்கு மிக அருகே வேலை செய்கிற இடம் இதுவே என்பது என் கருத்து. அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் வியப்பு கூடும்.

களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். எதிரணியின் செட்டர் வலைக்கு அருகே நின்று பந்தை எடுத்துக் கொடுக்கிறார். அவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: இடது ஓரம், வலது ஓரம், நடுவில் ஒரு குயிக் (தாழ்வாக, வேகமாகக் கொடுக்கும் பந்து), பின்வரிசையிலிருந்து பாய்ந்து வருபவருக்கு ஒரு பந்து. ஓரத்தில் நிற்கும் தடுப்பாளருக்கு எதிரே வருபவர் ஒருவர்தான். நடுவில் நிற்பவருக்கோ நான்கு வழியும் பொறுப்பு. நடுவில் வந்தால் அவர் தனியாகவே தடுக்க வேண்டும். ஓரத்துக்குப் போனால் ஓடிப்போய் அங்கே நிற்பவரின் தோளோடு சேர்ந்து சுவரை மூட வேண்டும்.

ஓரத்துக்குப் போகும் பந்து வானளாவ உயர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செட்டரின் கையை 2.6 மீட்டர் உயரத்தில் விட்டு, 6 மீட்டர் வரை ஏறி, 3.2 மீட்டருக்கு இறங்கும்போது அடிபடுகிறது. புவியீர்ப்புக் கணக்கில் இதற்கு ஏறக்குறைய 1.6 விநாடி ஆகும். அதே பந்தை 3.6 மீட்டருக்கு மேல் போகவிடாமல் தட்டையாகத் தள்ளினால் முக்கால் விநாடிக்குள் கதை முடிந்துவிடும்.

அந்த முக்கால் விநாடிக்குள் என்னென்ன நடக்க வேண்டும்? பந்து எந்தப் பக்கம் போகிறது என்று கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் அசையத் தொடங்க வேண்டும். ஒரே ஒரு விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்து என்றால் மனிதருக்கு 0.2 விநாடி போதும். நான்கு விளக்குகளில் எது எரிகிறதோ அதற்குரிய பொத்தானை அழுத்து என்றால் நேரம் கூடும். இதை 1952இல் வில்லியம் ஹிக், 1953இல் ரே ஹைமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அளந்து காட்டினார்கள். வாய்ப்புகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் எதிர்வினை நேரம் ஏறத்தாழ ஒரே அளவு கூடிக்கொண்டே போகிறது. ஆக, நடுவில் நிற்பவர் 0.3 விநாடியை முடிவெடுக்கவே செலவழித்துவிடுகிறார். மிச்சம் இருப்பது அரை விநாடிக்கும் குறைவு. அதில் சுமார் 3 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து, முழங்காலை மடக்கி, தரையை உந்தி, மேலே எழ வேண்டும். வெறும் எழுச்சிக்கே, அரை மீட்டர் உயரம் போக, 0.32 விநாடி ஆகும்.

கூட்டிப் பாருங்கள், கணக்கு இடிக்கிறது. பந்து செட்டரின் கையை விட்ட பிறகு பார்த்து ஓடினால் போய்ச் சேரவே முடியாது. அடித்த பந்தைப் பார்த்துக் கையை நகர்த்துவதோ நினைத்தும் பார்க்க முடியாதது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு மீட்டரைக் கடக்க எடுப்பது 0.036 விநாடி, கண் இமைக்கும் நேரம்கூட அதைவிட நீளம். ஆனாலும் நல்ல சென்டர் பிளாக்கர்கள் போய்ச் சேருகிறார்கள், கையும் சரியான இடத்தில் இருக்கிறது. கணக்கு பொய்யில்லை. அவர்கள் பந்து கையை விடும் முன்பே ஓட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

இது வெறும் ஊகம் அன்று, படிப்பு. முதலில் எதிரணி சர்வீஸை எப்படி எடுத்தது என்று பார்க்கிறார்கள். பாஸ் வலையை விட்டு மூன்று மீட்டர் தள்ளிப் போனால் குயிக் அடிப்பது கடினம். நான்கு வழிகளில் ஒன்று அப்போதே அடைபட்டுவிட்டது. பிறகு கண் பந்தை விட்டு செட்டருக்குத் தாவுகிறது. அவர் முதுகு வளைகிறதா, பந்து நெற்றிக்கு நேரே இருக்கிறதா, தலைக்குப் பின்னால் போகிறதா, இடுப்பு எந்தப் பக்கம் நகர்கிறது? பிறகு ஒரு கணம் மறுபடி பந்து. அதன்பின் பந்தை மறந்து, அடிக்க வருபவரின் ஓட்டம், தோள், முழங்கை. பந்து, செட்டர், பந்து, அடிப்பவர் என்ற இந்த வரிசையைத்தான் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். புதிதாக ஆடுபவர் பந்தையே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், எப்போதும் தாமதமாகப் போவார்.

உடலைப் பார்த்து முடிவை முன்கூட்டியே அறிவது எவ்வளவு ஆழமான திறன் என்பதற்கு ரோம் நகரில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு சான்று. சால்வத்தோரே அலியோத்தியும் உடன் ஆய்வாளர்களும் கூடைப்பந்து ஃப்ரீ த்ரோக் காட்சிகளைப் பாதியில் நிறுத்தி, பந்து கூடைக்குள் விழுமா என்று கேட்டார்கள். பயிற்சியாளர்களும் விளையாட்டுச் செய்தியாளர்களும் பந்தின் பாதையைப் பார்த்தே சொன்னார்கள். முதல்தர வீரர்களோ பந்து கையை விடும் முன்பே, எறிபவரின் உடல் அசைவிலிருந்தே சரியாகச் சொன்னார்கள். பல்லாயிரம் முறை தாமே செய்து பழகிய உடல், பிறர் உடலில் அந்த அசைவைக் கண்டதும் அதன் முடிவையும் கண்டுகொள்கிறது. வலையின் நடுவே நடப்பதும் இதுதான். ஆகவேதான் நல்ல செட்டர்கள் எந்தப் பந்தைக் கொடுத்தாலும் ஒரே நிற்பு, ஒரே கை என்று தங்களை மறைத்துக்கொள்ளப் பழகுகிறார்கள். வலைக்கு இருபுறமும் இரண்டு பேர், ஒருவர் மறைக்க, ஒருவர் படிக்க, ஆட்டம் முழுக்க ஒருவரையொருவர் அறிந்துகொண்டே போகிறார்கள்.

இனி ஜப்பானியர்கள் செய்தது என்னவென்று பார்க்கலாம். அவர்களுடைய ஏ குயிக்கில் செட்டர் பந்தைத் தொடும்போதே அடிப்பவர் காற்றில் இருப்பார். பந்து அவர் கையைத் தேடி வரும். இதைத் தடுக்க எதிரணி சென்டர் கூடவே குதித்தாக வேண்டும். குதித்த பின் பந்து அவருக்கு வராமல் ஓரத்துக்குப் போனால்? குதித்தவர் இறங்கி வரும்வரை ஓரத்தில் ஒற்றைத் தடுப்புதான். 1972 அணியின் ஜுங்கோ மோரிதா இன்னும் ஒரு படி போனார். குயிக் அடிக்கப் போவதுபோல முழு வேகத்தில் வந்து, கையை வீசி, குதிக்காமல் ஒரு கணம் நிற்பார். எதிரே இருப்பவர் குதித்துவிடுவார். அவர் இறங்கத் தொடங்கும்போது மோரிதா எழுவார், வெறும் வலைக்கு மேல் அடிப்பார். ஆளைத் தாண்டாமல் ஆளின் நேரத்தைத் தாண்டிய அடி அது. இன்றைய வாலிபாலின் பெரும்பகுதி அந்த ஒரு கணத்திலிருந்து வளர்ந்தது என்றே சொல்வேன்.

காற்றில் இருக்கும் நேரத்தில் ஒரு விந்தை உண்டு. 70 சென்டிமீட்டர் குதிப்பவர் மொத்தம் 0.76 விநாடி காற்றில் இருக்கிறார். இந்த நேரம் உயரத்தில் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஊஞ்சல் உச்சியில் தயங்குவதுபோல உடலும் மேலே போகப் போக வேகம் இழக்கிறது. உயரத்தின் மேல் கால்பகுதியில், அதாவது கடைசிப் பதினேழு பதினெட்டு சென்டிமீட்டரில் மட்டும், மொத்த நேரத்தில் சரிபாதி கழிகிறது. எவ்வளவு உயரம் குதித்தாலும் இந்த விகிதம் மாறாது. “அப்படியே அந்தரத்தில் நின்றான்” என்று பார்வையாளர்கள் சொல்வது மிகையில்லை. தடுப்பாளருக்கு வேலை செய்யக் கிடைப்பதும் அந்த 0.38 விநாடிதான். சற்று முந்தினால் இறங்கிக்கொண்டிருப்பார், சற்றுப் பிந்தினால் ஏறிக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில் கை என்ன செய்ய வேண்டும் என்பதும் நுட்பமானது. பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர், விட்டம் 21 சென்டிமீட்டர். கைக்கும் வலைக்கும் நடுவே அதைவிட அதிக இடைவெளி விட்டால் பந்து அந்தச் சந்தில் நுழைந்து நம் பக்கமே விழும். ஆகவே கையை வீசி அடிக்கக் கூடாது. தோளிலிருந்து நீட்டி, மணிக்கட்டை வலைக்கு மேல் எதிர்ப்பக்கம் கொண்டுபோய், விரல்களை விறைப்பாக விரித்து வைக்க வேண்டும். எல்லைக்கு அருகே இருக்கும் கையை உள்பக்கம் திருப்ப வேண்டும், இல்லையென்றால் அடிப்பவர் வேண்டுமென்றே அந்தக் கையில் உரசிப் பந்தை வெளியே அனுப்பி டச் அவுட் வாங்கிவிடுவார். கண்ணை மூடவே கூடாது. 270 கிராம் பந்து முகத்துக்கு நேரே வரும்போது இதைப் பழகுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். எல்லாம் சரியாக அமைந்தால் பந்து 0.2 விநாடிக்குள் எதிரணித் தரையில் கிடக்கும். அவர்களில் யாராவது எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே குனிந்து காத்திருந்தால்தான் உண்டு.

ஆனால் இப்படி நேராகப் புள்ளி கிடைப்பது ஒரு செட்டில் ஓர் அணிக்கு இரண்டு மூன்று முறைதான். மற்ற நேரமெல்லாம் தடுப்பின் பயன் வேறு. சுவர் ஒரு திசையை மூடிவிட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். விரல் நுனியில் பட்டு வேகம் இழந்த பந்து எடுக்கத் தக்கதாகிவிடும். 1970களின் நடுவில் வந்த விதி மாற்றம் இதற்குப் பெரிய துணை: பிளாக்கில் பட்டது ஒரு தொடுகையாகக் கணக்கில் சேராது, அணிக்கு அதன் பிறகும் மூன்று தொடுகைகள் உண்டு. ஸ்கோர் பலகையில் தடுப்பின் இந்தப் பயனுக்கு இடமில்லை. குயிக்குக்கு வருவதுபோல வந்து குதித்து, பந்தே கிடைக்காமல் இறங்கும் சென்டரின் உழைப்புக்கும் இடமில்லை. ஆனால் எதிரணி சென்டரை அவர் கால் விநாடி கட்டிப்போட்டதால்தான் ஓரத்தில் நிற்பவர் ஒற்றைத் தடுப்பைப் பார்த்து அடிக்கிறார். கைதட்டல் அடித்தவருக்குப் போகிறது. ஒரு ஆட்டத்தில் சென்டர் குதிக்கும் குதிப்புகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறருக்காகக் குதித்தவையே.

இப்படிக் குதிக்க செட்டர்மீது ஆழ்ந்த நம்பிக்கை வேண்டும், ஏனென்றால் பந்து வரும் என்று நம்பித்தான் முன்கூட்டியே எழ வேண்டும். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியா தென் கொரியாவை ஐந்து செட்டில் வீழ்த்தியபோது, கடைசி செட் 17–15 என்று முடிந்தது. அந்த அணியில் நடுவில் ஆடியவர் கர்நாடகத்தின் அஷ்வல் ராய். செட்டர்களாக இருந்த மோகன் உக்கிரபாண்டியனும் முத்துசாமி அப்பாவுவும் தமிழ்நாட்டுக்காரர்கள். பிறகு காலிறுதியில் ஜப்பானிடம் தோற்று, இந்தியா ஆறாமிடம் பெற்றது.

ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் வாசகருக்கு பிரான்சின் கதையும் நெருக்கமாக இருக்கும். உலக வாலிபால் கூட்டமைப்பு 1947இல் பாரிசில்தான் பிறந்தது. அதன் முதல் தலைவர் பால் லிபோ ஒரு பிரெஞ்சுக்காரர், 1984 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆனால் ஒலிம்பிக் ஆண்கள் தங்கம் பிரான்சுக்கு 2021இல், டோக்கியோவில்தான் முதன்முறை கிடைத்தது. அங்கே சிறந்த நடுத் தடுப்பாளர்களுள் ஒருவராகத் தேர்வானவர் பார்த்தெலெமி ஷினென்யெசே. மூன்று ஆண்டு கழித்துப் பாரிசில், சொந்த மக்கள் முன்னால், போலந்தை 3–0 என்று வென்று அதே அணி மறுபடி தங்கம் எடுத்தது. உலகிலேயே உயரமான அணி என்று யாரும் அவர்களைச் சொன்னதில்லை. பந்தைத் தரையில் விழவிடாத அவர்களுடைய தற்காப்புக்கு, வலைக்கு முன்னால் நடுவில் நிற்பவர்களின் ஒழுங்கே அடித்தளம்.

இப்போது உடல் கொடுக்கும் விலையைப் பேச வேண்டும், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஒவ்வொரு குதிப்புக்கும் ஓர் இறக்கம் உண்டு. வாலிபாலில் திடீரென நேரும் காயங்களில் முதலிடம் கணுக்கால் சுளுக்குக்கு. அதுவும் பெரும்பாலும் வலைக்கடியில், எதிராளியின் பாதத்தின் மேலோ கூட்டாளியின் பாதத்தின் மேலோ இறங்கும்போது. மெதுவாக வரும் நோய் முழங்காலில் வருகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் தொடர்ந்து இழுபட்டு நைந்து வலிப்பதை குதிப்பவர் முழங்கால் என்கிறார்கள். நார்வேயில் முதல்தர விளையாட்டு வீரர்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், ஆண் வாலிபால் வீரர்களில் 45 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. வேறெந்த விளையாட்டிலும் அவ்வளவு இல்லை. அணியிலேயே அதிகம் குதிப்பவர் யார் என்று கேட்டால் விடை நடுவில் நிற்கிறது.

புதுச்சேரிக்கு இதில் கையிலேயே ஒரு மருந்து இருக்கிறது: மணல். மணலில் உந்தும்போது கால் புதைந்து விசை வீணாகும், ஆகவே குதிக்கும் உயரம் பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறையும். மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் கணக்கிட்டார்கள். தசைக்கு உழைப்பு கூடுகிறது, ஆனால் இறங்கும்போது மணல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. குதிப்பவர் முழங்கால், உள்ளரங்க வீரர்களைவிடக் கடற்கரை வாலிபால் ஆடுபவர்களிடம் மிகவும் குறைவு. கடற்கரை ஆட்டம் படிப்புத் திறனையும் வளர்க்கும். அங்கே அணிக்கு இருவர், தடுக்க ஒருவர் மட்டுமே. வலை உயரம் அதே 2.43 மீட்டர், பிளாக்கில் பட்டாலே மூன்று தொடுகைகளில் ஒன்று போய்விடும். கண்மூடித்தனமாகக் குதிப்பவர் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர்களால் நகரத்துக் கடற்கரை மணலை இழந்து வெறும் பாறாங்கல்லாக நின்றது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் அமைத்த செயற்கைத் தடுப்பால் தலைமைச் செயலகத்துப் பக்கம் மணல் மீண்டிருக்கிறது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணலுக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொரு ஆபத்து விதியிலிருந்து வருகிறது. 1998இல் லிபரோ என்ற தற்காப்பு ஆட்டக்காரர் சர்வதேச ஆட்டத்தில் நிலைபெற்றார். பின்வரிசைக்குச் சுழன்று வரும் சென்டரை வெளியே அனுப்பிவிட்டு லிபரோ உள்ளே வருவது வழக்கமாகிவிட்டது. பெரியவர்களின் ஆட்டத்தில் இது நியாயமே. ஆனால் பள்ளி அணியில் பதின்மூன்று வயதில் வளர்ந்து நிற்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தி, பின்வரிசை வரும்போதெல்லாம் வெளியே உட்காரவைத்தால் அந்தப் பிள்ளை பாஸ் எடுக்கவும், அடித்த பந்தை டிக் செய்யவும் கற்றுக்கொள்வதே இல்லை. பதினாறு வயதில் மற்றவர்கள் அவனை எட்டிப் பிடித்துவிட்டால் ஆட இடமே இருக்காது.

2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பிரேசிலிடம் ரஷ்யா முதல் இரண்டு செட்டுகளை இழந்து நின்றது. பயிற்சியாளர் விளாதிமிர் அலெக்னோ, 2.18 மீட்டர் உயரமுள்ள தன் சென்டர் பிளாக்கர் திமித்ரி முசெர்ஸ்கியை ஓரத்துக்கு மாற்றினார். அவர் 31 புள்ளிகள் எடுத்தார், ரஷ்யா 3–2 என்று தங்கம் வென்றது. நடுவில் நிற்பவனுக்கு வேறு இடத்திலும் ஆடத் தெரிந்திருந்ததால் கிடைத்த தங்கம் அது.

ஆகவே புதுச்சேரியின் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் என் வேண்டுகோள். உயரமான பிள்ளையை நடுவில் நிறுத்துங்கள், தவறில்லை. பந்தைப் பார்க்காதே, செட்டரைப் பார் என்று முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். பள்ளிப் போட்டிகளில் பின்வரிசையிலிருந்து அவர்களை வெளியே எடுக்காதீர்கள். பந்தை விட்டாலும் பரவாயில்லை, பாஸ் எடுக்கட்டும். குதிப்புப் பயிற்சியை சிமென்ட் தரையில் கொடுக்காதீர்கள், வாரத்தில் சில நாளாவது மணலுக்கு அழைத்துப் போங்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கே குதிப்பை நிறுத்திவிடுங்கள்.